ஆர்க் மோடில் ஒரு பிளாக்கின் மாறி இன்னொரு பிளாக்குக்கு எப்படிப் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் இருக்கும்படி எழுதத் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. மேலே ஒரு பிளாக்கில், அதாவது ஒரு நிரல் துண்டில், மாறிக்கு மதிப்புக் கொடுத்திருப்போம். கீழே உள்ள பிளாக், அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று சொல்லும். நான் ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பானில், இப்படி எழுத உதவும் ஆர்க் மோடு வைத்து எழுதுகிறவன், அதனால் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். இதே வகைக் கருவிகளான ஜூபிட்டர், ஆர் மார்க்டவுன் பற்றிப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

செஷன், வார், நேம் போன்ற கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோப்பில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

லிட்டரேட் புரோகிராமிங் என்று எதைச் சொல்கிறார்கள்?

படிக்கிறவருக்குப் புரியும் வரிசையில் விளக்கத்தை எழுதிக்கொண்டு போய், அதன் நடுநடுவே நிரல் துண்டுகளை வைப்பது. டொனால்ட் கனூத் 1984-ல் தி கம்ப்யூட்டர் ஜர்னலில் இதே பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கருவிக்குப் பெயர் வெப். இன்றைய இணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது செய்யும் வேலை இரண்டு: துண்டுகளைக் கோத்து ஒரு பாஸ்கல் நிரலாக்குவது டேங்கிள், அச்சுக்குப் போகும் ஆவணமாக்குவது வீவ். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையே கனூத் இந்த முறையில்தான் எழுதினார்.

அவருடைய முறையில் நம் கேள்விக்கே இடமில்லை. டேங்கிள் முடிந்ததும் எல்லாத் துண்டும் ஒரே நிரல், அதற்குள் மாறி எல்லா இடத்திலும் வழக்கம்போல் தெரியும். துண்டுகளைக் கோப்புக்குள்ளேயே தனித்தனியாக ஓட்டிப் பார்க்கும் வசதி வந்த பிறகுதான் இந்தத் தலைவலி. ஆர்க் மோடை 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தொடங்கினார். எரிக் ஷுல்டேயும் டான் டேவிசனும் உருவாக்கிய பேபல், 2010-ல் 7.0 பதிப்போடு அதனுள் சேர்ந்தது. ஒரே கோப்பில் பைதான், ஆர், பாஷ் என்ற வெவ்வேறு மொழிகளைக் கலந்து எழுதி ஓட்ட முடிவது பேபலால்தான்.

முதல் பிளாக்கில் வைத்த மாறி இரண்டாவது பிளாக்கில் ஏன் தெரியவில்லை?

முதல் பைதான் பிளாக்கில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

விலை = 62
அளவு = 10

இரண்டாவது பிளாக்கில்:

விலை * அளவு

இரண்டாவதை ஓட்டினால் நேம்எரர், அதாவது இந்தப் பெயர் தெரியாது என்ற பிழை, வரும். எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு பிளாக்குக்கும் ஆர்க் புதிதாக ஒரு பைதானைக் கிளப்பும். அது பிளாக்கை ஓட்டி, விடையைக் கொடுத்துவிட்டு, அங்கேயே முடிந்துபோகும். அதன் நினைவில் இருந்த விலையும் அளவும் அதோடு போச்சு. அடுத்த பிளாக்குக்கு வருவது வேறொரு பைதான். பக்கத்து வீடுதான், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது.

ஷெல் பிளாக்குக்கும் இதே கதை. ஈமேக்ஸின் சொந்த மொழியான ஈமேக்ஸ் லிஸ்ப் மட்டும் விலக்கு. அது ஓடுவது ஈமேக்ஸுக்குள்ளேயே, அதனால் செட்க்யூ கட்டளை போட்டு வைத்த மாறி ஈமேக்ஸை மூடும்வரை உயிரோடு இருக்கும். லிஸ்பில் பழகிவிட்டுப் பைதானுக்கு வருகிறவர்கள் குழம்புவதற்கு இதுதான் காரணம்.

செஷன் போட்டால் முடிந்துவிடுமா?

முடியும். இரண்டு பிளாக்கின் தலைப்பு வரியிலும் (பிளாக் தொடங்கும் வரி) செஷன் என்று போட்டு, இரண்டிலும் ஒரே பெயரைக் கொடுத்தால், ஒரே பைதான் பின்னணியில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். முதல் பிளாக் வைத்த மாறி இரண்டாவதுக்குத் தெரியும். ஒவ்வொரு பிளாக்கிலும் எழுதச் சோம்பலாக இருந்தால், கோப்பின் தலையில் பிராப்பர்ட்டி வரியாக ஒரே முறை எழுதலாம். ஒரு தலைப்பின் கீழ் மட்டும் போதும் என்றால், அந்தத் தலைப்பின் பிராப்பர்ட்டி டிராயரில் (தலைப்புக்கான அமைப்புகளை எழுதும் இடம்) போடலாம்.

செஷன் மொழியைத் தாண்டாது. பைதான் செஷனுக்கும் ஆர் செஷனுக்கும் ஒரே பெயர் வைத்தாலும் அவை இரண்டு தனிச் செயல்முறைகள்.

அப்புறம், பெயர் இல்லாமல் வெறும் செஷன் என்று மட்டும் போடாதீர்கள். பெயர் இல்லாத பைதான் செஷன்கள் எல்லாம் ஒரே பொதுப் பைதானுக்குத்தான் போகும். ஈமேக்ஸில் இரண்டு கோப்பு திறந்திருந்து இரண்டிலும் இப்படி இருந்தால், இரண்டும் ஒரே நினைவைப் பகிர்ந்துகொள்ளும். இதில் "மொத்தம்" என்றும் அதில் "மொத்தம்" என்றும் மாறி வைத்திருந்தால், கடைசியாக ஓட்டிய கோப்பின் மதிப்புதான் இரண்டுக்கும். நான் கோப்பின் பெயரையே செஷன் பெயராக வைத்துவிடுவேன்.

செஷன் இவ்வளவு வசதியாக இருக்கும்போது, ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்பி ஒரு முறை அடிபட்டிருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

விலைப்பட்டியல் கணக்குப் போடும் கோப்பு ஒன்று வைத்திருந்தேன். முதல் பிளாக்கில் தள்ளுபடி = 5. மூன்றாவது பிளாக்கில் அதை வைத்துக் கணக்கு. ஒரு நாள் பெயர் பிடிக்காமல் முதல் பிளாக்கில் அதைக் கழிவு = 5 என்று மாற்றினேன். மூன்றாவது பிளாக்கில் மாற்ற மறந்துவிட்டேன். செஷனோ பழைய தள்ளுபடியை இன்னும் கையில் வைத்திருந்தது, அதனால் பிழை எதுவும் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்துக் கழிவை 8 ஆக்கினேன். கோப்பில் எங்கே தேடினாலும் 5 இல்லை, ஆனால் விடை மட்டும் 5 சதவீதத்துக்கே வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் இப்படி ஓடியது. மடிக்கணினியை அணைத்துப் போட்ட மறுநாள்தான் நேம்எரர் வந்து விஷயம் வெளியே தெரிந்தது. அதற்குள் இரண்டு பேருக்குத் தவறான தொகை போயிருந்தது.

செஷனின் கோளாறே இதுதான். படிக்கிறவர் பார்ப்பது கோப்பு. கணக்குப் போடுவது நினைவு. நீங்கள் வரியை அழித்தால் கோப்பிலிருந்து போகும், நினைவிலிருந்து போகாது. மேலே இருப்பதை ஓட்டாமல் கீழே இருப்பதை ஓட்டலாம், ஒரே பிளாக்கை மூன்று முறை ஓட்டலாம். இருப்பு = இருப்பு - 100 என்று ஒரு வரி இருந்தால், ஓட்டும் ஒவ்வொரு முறையும் நூறு குறையும். பக்கத்தைப் பார்த்தால் ஒரு முறை குறைந்த மாதிரிதான் தெரியும்.

அதனால் கோப்பை வேறொருவருக்கு அனுப்பும் முன் செஷனைக் கொன்றுவிட்டு, மொத்தக் கோப்பையும் மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். பைதான் ஓடும் பஃபரை (ஈமேக்ஸில் திறந்திருக்கும் உரைப் பகுதி) மூடினால் செஷன் முடிந்துவிடும். பிறகு கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி, பி (ஆங்கில b) அழுத்தினால் எல்லா பிளாக்கும் வரிசையாக ஓடும். இரண்டு நிமிட வேலை.

வார் என்பது என்ன?

செஷனுக்கு மாற்று. நினைவைப் பகிராமல், ஒரு பிளாக்கின் விடையையோ அட்டவணையையோ இன்னொரு பிளாக்குக்குக் கையில் கொடுத்து அனுப்புவது. என் கோப்புகளில் பாதிக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. வீட்டு மளிகைக் கணக்கை வைத்தே பார்ப்போம். கோப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது, அதன் மேல் நேம் வரி போட்டு "மளிகை" என்று பெயர் வைத்திருக்கிறேன்:

| பொருள் | அளவு | விலை |
|---+---+---|
| அரிசி | 10 | 62 |
| துவரம் பருப்பு | 2 | 165 |
| நல்லெண்ணெய் | 1 | 390 |

கீழே பைதான் பிளாக்கின் தலைப்பு வரியில் வார் போட்டு, கணக்கு=மளிகை என்று எழுதுகிறேன். பிளாக்குக்குள் "கணக்கு" என்ற மாறி தயாராக இருக்கும். அளவையும் விலையையும் பெருக்கிக் கூட்டினால் 1340. பிளாக்குக்கு "மொத்தம்" என்று பெயர் வைத்தால், அந்த 1340-ஐ அடுத்த பிளாக் தொகை=மொத்தம் என்று வாங்கிக்கொள்ளும்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆர்க் செய்வதெல்லாம், உங்கள் நிரலின் தலையில் ஒரு வரியை ஒட்டுவதுதான்:

கணக்கு = [["அரிசி", 10, 62], ["துவரம் பருப்பு", 2, 165], ["நல்லெண்ணெய்", 1, 390]]

இதை நீங்களே பார்க்கலாம். பிளாக்கின் மேல் நின்று கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி, வி அழுத்தினால், ஓடப்போகும் முழு நிரலும் தனிப் பஃபரில் வரும். மாறி வரவில்லை, தப்பாக வந்திருக்கிறது என்று யார் புலம்பினாலும் நான் முதலில் சொல்வது இந்த விசையைத்தான். பாதிப் பேருக்கு அதற்கு மேல் கேள்வி இருக்காது.

வாரை ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்பு போலப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. "மொத்தம்" பிளாக்கின் தலைப்பு வரியில் தள்ளுபடி=5 என்று இன்னொரு வாரும் போட்டு, உள்ளே அதைச் சதவீதமாகக் கழிக்கும்படி எழுதியிருந்தால், விடை 1273. வேறோர் இடத்தில், பிளாக்கைக் கூப்பிடும் கால் வரியில் மொத்தம்(தள்ளுபடி=10) என்று எழுதினால், அதே பிளாக் 10 வைத்து ஓடி 1206 தரும். தலைப்பு வரியில் இருப்பது இயல்பு மதிப்பு, கூப்பிடும்போது கொடுப்பது அதை மாற்றும். இன்னொரு பிளாக்கின் வார் வரியிலும் இப்படியே அடைப்புக்குறி போட்டு எழுதலாம்.

மேலே சொன்ன என் கோப்பு இந்த முறையில் எழுதப்பட்டிருந்தால், பெயர் மாற்றிய அன்றே உடைந்திருக்கும். மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வேண்டும். எண் போட்டால் வேறு கட்டம் வருகிறதே?

பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பில் வரிசை, நெடுவரிசை என்று எண் கொடுக்கலாம். எண்ணிக்கை 0-விலிருந்து. இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிளாக்குக்குள் போகும்போது தலைப்பு வரிசையும் கோடும் கழற்றப்பட்டுவிடும், அதனால் அங்கே அரிசி 0-வது வரிசை. ஆனால் சதுர அடைப்பில் கொடுக்கும் எண், அவை கழற்றப்படுவதற்கு முன்பே பயன்படுத்தப்படுகிறது. அப்போது தலைப்பு 0, கோடு 1, அரிசி 2. ஆகவே அரிசியின் அளவு வேண்டுமென்றால் மளிகை[2,1]. கீழிருந்து எண்ணுவது நிம்மதி: நல்லெண்ணெயின் விலை மளிகை[-1,2]. விலை நெடுவரிசை முழுவதும் வேண்டுமென்றால் மளிகை[2:-1,2]. இங்கே இரண்டு முனையும் சேர்த்தி, பைதானில் போலக் கடைசி விட்டுப்போகாது.

காலிக் கட்டம் இருந்தால் அது காலி எழுத்துச் சரமாக வரும், சுழியமாக வராது. எண்ணோடு கூட்டப்போனால் பைதான் அடம்பிடிக்கும். அட்டவணைக்குள் கோட்டையும் சேர்த்து அனுப்பும்படி எச்லைன்ஸ் அமைப்பை மாற்றினால், கோடு பைதானுக்கு நன் (None, எதுவும் இல்லை என்ற மதிப்பு) ஆகப் போகும்.

என் பைதான் பிளாக் சரியாக ஓடுகிறது, ஆனால் அடுத்த பிளாக்குக்கு நன் மட்டும் போகிறது. ஏன்?

ரிட்டர்ன் போட மறந்திருப்பீர்கள். செஷன் இல்லாதபோது ஆர்க் உங்கள் நிரலை ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றி ஓட்டுகிறது. அதனால் கடைசி வரியில் ரிட்டர்ன் வேண்டும், வெறுமனே "மொத்தம்" என்று எழுதி நிறுத்தினால் போதாது. செஷன் இருந்தால் தலைகீழ்: கடைசிக் கோவையின் மதிப்பே விடை, ரிட்டர்ன் போட்டால் பிழை. செஷனைப் போட்டும் எடுத்தும் பார்க்கிறவர்களை இது நன்றாக அலைக்கழிக்கும். பிரிண்ட் செய்ததை விடையாக எடுக்க வேண்டுமென்றால் ரிசல்ட்ஸ் அமைப்பை அவுட்புட் என்று வைக்க வேண்டும். ஆனால் அப்படிப் போவது எழுத்துதான், அடுத்த பிளாக் அதைப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

ஒரு பிளாக்கை ஓட்டினால் மேலே உள்ள பிளாக்கும் சேர்ந்து ஓடுகிறது. பத்து நிமிடம் போகிறதே?

வாரில் ஒரு பிளாக்கின் பெயரைச் சொன்னால், விடை ஏற்கெனவே பக்கத்தில் அச்சாகியிருந்தாலும், அந்த பிளாக் மறுபடி ஓடித்தான் மதிப்பைத் தரும். மதிப்பு எப்போதும் புதியதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். மெதுவான பிளாக்காக இருந்தால் அந்த மேல் பிளாக்கில், பழைய விடையை வைத்துக்கொள்ளும் கேஷ் அமைப்பை இயக்கிவிடுங்கள். நிரலையும் வார் மதிப்புகளையும் சேர்த்து ஒரு ஹேஷ் எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போட்டு, ரிசல்ட்ஸ் வரியிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். இரண்டும் மாறாதவரை திரும்ப ஓட்டாது. கீழ் பிளாக்கில் மட்டும் கேஷ் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. அதன் ஹேஷைக் கணக்கிடவே மேல் பிளாக்கின் விடை தேவை.

கேஷையும் செஷனையும் சேர்த்துப் போடாதீர்கள். செஷனில் ஒளிந்திருக்கும் மாறி ஹேஷுக்குத் தெரியாது; அது மாறினாலும் பழைய விடையே நிற்கும். அதோடு, ஓடாத பிளாக் செஷனில் எந்த மாறியையும் வைக்காது, அதை நம்பியிருக்கும் அடுத்த பிளாக் விழும்.

பைதானில் கணக்கிட்டதை ஆருக்கும் பாஷுக்கும் அனுப்பலாமா?

ஆர்க்கின் பலமே அதுதான். எண், எழுத்துச் சரம், பட்டியல், அட்டவணை இந்த நான்கும் எல்லை தாண்டும். பைதானின் பட்டியல்களின் பட்டியல் ஆர்க் அட்டவணையாகும். அது ஆருக்குப் போனால் டேட்டா ஃபிரேம். பாஷுக்குப் போனால் ஒரு நெடுவரிசை சாதாரண அரே, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் முதல் நெடுவரிசையைச் சாவியாகக் கொண்ட அசோசியேட்டிவ் அரே. பிளாக்கின் மொழியாகப் பாஷுக்குப் பதில் எஸ்எச் என்று போட்டிருந்தால் அரே கிடையாது, வெறும் எழுத்துதான்.

நடுவில் நிற்பது எழுத்து அட்டவணை என்பதை மறக்கக்கூடாது. தேதி என்பது தேதியாகப் போகாது, எழுத்தாகத்தான் போகும். பயிற்சி கொடுத்த மாடல், திறந்த கோப்பு, தரவுத்தள இணைப்பு இதெல்லாம் வாரில் ஏறாது. ஐம்பதாயிரம் வரிசை உள்ள அட்டவணையை ஆர்க் பக்கத்தில் ஓட விடவும் வேண்டாம், ஈமேக்ஸ் மூச்சுத் திணறும். அப்படிப்பட்டதை ஒரு பிளாக் சிஎஸ்வியாகவோ பார்க்கேயாகவோ எழுதட்டும். கோப்பின் பாதையை மட்டும் விடையாகத் தரட்டும். அடுத்த பிளாக் வாரில் அந்தப் பாதையை வாங்கித் திறந்துகொள்ளும். யாரைப் பின்தொடர்ந்து யார் ஓட வேண்டும் என்பதும் இதிலேயே பதிவாகிவிடுகிறது.

சி நிரலுக்குச் செஷன் உண்டா?

கிடையாது. ஒவ்வொரு பிளாக்கும் கம்பைல் ஆகி, ஓடி, முடியும். வார் வேலை செய்யும், மதிப்பு சி மாறியாக நிரலின் மேலே சேர்க்கப்படும். பல பிளாக்குக்குப் பொதுவான ஸ்ட்ரக்ட், ஃபங்ஷன் போன்றவற்றுக்கு நோவெப்தான் வழி.

நோவெப் என்பது வேறு விஷயமா?

ஆமாம். வார் கொண்டுபோவது மதிப்பை, நோவெப் கொண்டுபோவது நிரல் வரிகளை. இரட்டைக் கோண அடைப்புக்குள் ஒரு பிளாக்கின் பெயரை எழுதினால், அந்த பிளாக்கின் வரிகள் அப்படியே அங்கே வந்து உட்காரும். நார்மன் ராம்சே 1989-ல் எழுதத் தொடங்கிய நோவெப் கருவியிலிருந்து வந்த எழுத்துமுறை இது. மாறிகளுக்கு மதிப்புக் கொடுக்கும் சின்ன பிளாக் ஒன்றை எழுதி, தேவைப்படும் எல்லா பிளாக்கிலும் இப்படிச் செருகினால், செஷன் இல்லாமலே மாறி எல்லா இடத்திலும் இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த வரிகள் மறுபடி ஓடும் என்பதால் கனமான கணக்குக்கு இது ஆகாது. வரி விகிதம், கோப்புப் பாதை, இம்போர்ட் வரிகள் போன்றவற்றுக்கு அருமை. தலைப்பு வரியில் நோவெப் அமைப்பை யெஸ் என்று வைக்க மறந்தால், கோண அடைப்பு அப்படியே பைதானுக்குப் போய் சின்டாக்ஸ் எரர் வரும்.

டேங்கிள் செய்தால் (நிரலை மட்டும் வெளிக்கோப்பாக எடுத்தால்) வாரும் செஷனும் என்னாகும்?

வார் மதிப்புகள், நிரலின் மேலே எழுதப்பட்டு வெளிக்கோப்பில் சேரும். வேண்டாமென்றால் நோ-எக்ஸ்பாண்ட் போடலாம். செஷனுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே கோப்புக்குப் போகும் பிளாக்குகள் வரிசையாக ஒட்டப்படுவதால் மாறிகள் தானாகவே பொதுவாகிவிடும்.

எக்ஸ்போர்ட் வேறு. பிடிஎஃப் எடுக்கும்போது, விடை காட்ட வேண்டிய பிளாக்குகள் திரும்ப ஓடும். செஷன் உள்ள பிளாக் பக்கத்தில் எதையும் காட்ட வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தாலும் சத்தமில்லாமல் ஓடும், பின்னால் வருபவற்றுக்கு மாறி வேண்டுமல்லவா? எதுவும் ஓட வேண்டாம் என்றால் எவால் அமைப்பை நெவர்-எக்ஸ்போர்ட் என்று வையுங்கள்.

ஜூபிட்டரில் இந்தத் தொல்லையே இல்லையே?

இல்லைதான், ஏனென்றால் அங்கே எல்லாமே செஷன். பின்னணியில் நிரலை ஓட்டும் கெர்னல் ஒன்று, பிளாக்குக்குச் சமமான செல்கள் எல்லாம் அதன் நினைவைப் பகிர்கின்றன. அதனால் என் தள்ளுபடி கதை ஜூபிட்டரில் தினம் நடக்கிறது. செல்லின் இடப்பக்கம் தெரியும் எண் 3, 7, 5 என்று குலைந்திருந்தால் சந்தேகப்படலாம். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கிட்ஹப்பிலிருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளை எடுத்துப் பார்த்தது. ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் ஓடியவை சுமார் 24 சதவீதம், பழைய விடையையே திரும்பத் தந்தவை சுமார் 4 சதவீதம். நூலகப் பதிப்பு மாறியது போன்ற வேறு காரணங்களும் இதில் உண்டு, எல்லாப் பழியையும் நினைவின் மேல் போட முடியாது.

ஜூலியாவுக்கு வந்த புளூட்டோவும் பைதானுக்கு வந்த மாரிமோவும் இதற்கு வேறு வழி கண்டன. எந்த செல் எந்த மாறியைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஒன்று மாறினால் அதை நம்பியிருக்கும் செல்களைத் தாமே மறுபடி ஓட்டுகின்றன. செல்லை அழித்தால் அதன் மாறியும் நினைவிலிருந்து போய்விடும். இதற்கு விலையாக, ஒரு பெயருக்கு இரண்டு செல்லில் மதிப்புக் கொடுக்க விடமாட்டார்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், எனக்கு இருந்தது.

ஆர் மார்க்டவுன், குவார்ட்டோ?

ஆர் துண்டுகள் எல்லாம் ஒரே ஆர் செஷனில் ஓடும். ஆனால் ஆவணத்தை உருவாக்க நிட் அழுத்தினால் புதிய செஷனில் மேலிருந்து கீழாக ஓடுவதால், பழைய மாறி ஒளிந்திருக்க வாய்ப்பு குறைவு. பைதான் துண்டுகளோடு பேச ரெட்டிகுலேட் பாலம் இருக்கிறது: ஆரிலிருந்து பை$மொத்தம் என்ற மாதிரியும், பைதானிலிருந்து ஆர்.மொத்தம் என்ற மாதிரியும் எட்டிப் பார்க்கலாம். பாஷ் துண்டு மட்டும் இங்கேயும் தனிக்கட்டைதான்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி போன்றவற்றை வாரில் வைக்கலாமா?

நேராக எழுதாதீர்கள், கோப்போடு சேர்ந்து ஊர் சுற்றும். வாரின் வலப்பக்கத்தில் லிஸ்ப் கோவை எழுதலாம் என்பதால், கெட்என்வ் மூலம் சூழல் மாறியிலிருந்து எடுக்கச் சொல்லிவிடலாம். மேலே சொன்ன டேங்கிள் இங்கே கடிக்கும்: வார் மதிப்பு விரிந்து வெளிக்கோப்பில் எழுதப்படும், சாவியும் அதில் அச்சாகும். அந்த பிளாக்குக்கு நோ-எக்ஸ்பாண்ட் கட்டாயம்.

மாறிக்கும் பிளாக்குக்கும் தமிழில் பெயர் வைக்கலாமா?

இந்தப் பக்கம் முழுவதும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பைதான் 3 தமிழ்ப் பெயரை ஏற்கும், ஈமேக்ஸ் லிஸ்பும் ஏற்கும், ஆர்க்கின் நேம் வரிக்கும் தடையில்லை.

ஒரு நுணுக்கம் உண்டு. "மொத்தம்" என்பதில் உள்ள கொம்பையும் காலையும் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில இரண்டு குறியாகவும் பதியும். திரையில் வித்தியாசமே தெரியாது. பைதான் பெயர்களை ஒருங்குபடுத்திப் பார்ப்பதால் இரண்டும் ஒன்றே. ஆர்க் அப்படிப் பார்க்காது. நேம் வரியை ஒரு விசைப்பலகையிலும் வார் வரியை இன்னொன்றிலும் அடித்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும். கண்ணெதிரே இருக்கும் பெயரை இல்லை என்கிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாமல், நேம் வரியிலிருந்து நகலெடுத்து வார் வரியில் ஒட்டிவிடுங்கள்.

பாஷ் மட்டும் ஒத்துக்கொள்ளாது, அதன் மாறிப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான். அங்கே வார் வரியில் சமக்குறிக்கு இடப்பக்கம் ஆங்கிலப் பெயர் வையுங்கள். வலப்பக்கம் தமிழ்ப் பெயர் இருக்கலாம், அதைப் படிப்பது ஆர்க்தான், பாஷ் அல்ல.